யானைப் பெட்டியும் பாழான சீட்டும்

முக்கொம்புக்குப் போனவர்கள் கண்டிருப்பார்கள். ஒரே ஆறாக வரும் காவிரி அங்கேதான் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவே திருவரங்கத் தீவு. ஆடிப் பெருக்கன்று கட்டுச்சோற்று மூட்டையோடு வந்து மரத்தடியில் புளிச்சோற்றைப் பிரிக்கும் குடும்பங்கள், அந்தப் பிரிவிலே எத்தனை இலட்சம் பேருடைய பிழைப்பு அடங்கியிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. கொள்ளிடம் பள்ளம், காவிரி மேடு. விட்டால் தண்ணீரெல்லாம் பள்ளத்தை நாடி ஓடிக் கடலில் போய் விழும். தஞ்சைத் தரணி வாய் பிளந்து கிடக்கும். ஆர்தர் காட்டன் என்ற பொறியாளர் 1836-ல் அங்கே அணை எழுப்பத் தொடங்கியது அதைத் தடுப்பதற்காகத்தான். 2018 ஆகஸ்டு 22 இரவு கொள்ளிடத்துப் பழைய அணையின் 9 மதகுகள் இடிந்து விழுந்தபோது, வயலுக்கு வேண்டிய தண்ணீர் கண்ணெதிரே கடலை நோக்கி ஓடிய காட்சியை நாடே கண்டு கலங்கிற்று. தண்ணீர் இல்லாத துயரம் ஒருவகை. தண்ணீர் வந்தும் பாழான துயரம் இருக்கிறதே, அது நெஞ்சை அறுக்கும் வகை!

அந்தக் கரையிலே சில தோழர்களோடு நாம் அமர்ந்திருந்த ஒரு நாள், துவாக்குடிப் பக்கம் பட்டறையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், சென்ற தேர்தலில் தாம் ஓட்டுப் போடவே போகவில்லை என்று கூறினார். வேலை விடவில்லையாம். விட்டிருந்தாலும் தம் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப் போகிறது என்றும் கேட்டார். மற்றத் தோழர்கள் அவர்மீது பாய்ந்தனர். நாம் பாயவில்லை. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டு வாக்காளரில் நூற்றுக்கு முப்பது பேர் சாவடிப் பக்கமே வரவில்லை. இவர் அந்த முப்பதில் ஒருவர். அத்தனை பேர்மீதும் பாய முடியுமா? பாய்வதை விட்டு, ஒரு மனிதருடைய கதையை அவருக்குச் சொன்னோம். அதைத்தான் இங்கேயும் எழுதுகிறோம்.

1891 ஏப்ரல் 14-ல் மத்திய இந்தியாவில் மாவ் என்ற பட்டாளத்து ஊரில் பிறந்தவர் அவர். தந்தை ராம்ஜி, இராணுவத்தில் சுபேதார். குடும்பம் மகார் குடும்பம். தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கி வைத்த குலம். பள்ளிக்கூடத்திலே மற்றப் பிள்ளைகளுக்கு இடம் இருந்தது. அந்தச் சிறுவனுக்கு, வீட்டிலிருந்து சுமந்து போன கோணிதான் இடம். தாகம் எடுத்தால் குழாயைத் தொடக்கூடாது. பள்ளிச் சேவகன் வந்து திறந்துவிட வேண்டும். சேவகன் வராத நாளில் தண்ணீர் இல்லாத நாள். பீமராவ் அம்பேத்கர் என்ற அந்தச் சிறுவன் அரசியல் பாடத்தின் முதல் எழுத்தைக் கற்றது அந்தக் குழாயடியிலேதான். தண்ணீர் இருக்கிறது, திறக்கும் கை தன் கையாக இல்லை!

படித்தார். பரோடா மன்னர் பொருளுதவி செய்ய, 1913-ல் நியூயார்க் சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பின்னர் இலண்டன். 1917-ல் நாடு திரும்பிப் பரோடாவில் பெரிய உத்தியோகத்தில் அமர்ந்தார். அமர்ந்தாரே தவிர, அந்த நகரில் அவருக்குக் குடியிருக்க ஓர் அறை தர ஆள் இல்லை. பார்சிகளின் விடுதியொன்றில் பெயரை மறைத்துத் தங்கினார். செய்தி தெரிந்ததும் தடியோடு ஒரு கூட்டம் வந்து வெளியேறச் சொல்லிற்று. பொருளாதாரம் கற்ற அந்தப் பேரறிஞர் ஊர்ப் பூங்காவிலே மரத்தடியில் உட்கார்ந்து கண்ணீர் விட்டார்.

அழுத மனிதன் அடுத்து என்ன செய்கிறான் என்பதிலேதான் வரலாறு இருக்கிறது. கோயில் வாசலில் போய் முறையிட்டவர் உண்டு. விதி என்று அடங்கியவர் உண்டு. அம்பேத்கர், குழாயைத் திறக்கும் கை எது என்று தேடினார். 1919 சனவரியில், யாருக்கு வாக்குரிமை தரலாம் என்று ஆராய்ந்த சவுத்பரோ குழுவின் முன் சென்று சாட்சியம் அளித்தார். அப்போது அவருக்கு வயது 27. அந்நாளில் ஓட்டு என்பது நிலவரி கட்டுபவனுக்கு, வருமானவரி கட்டுபவனுக்கு, வாடகை மதிப்புள்ள வீடு வைத்திருப்பவனுக்கு. நிலமே வைத்துக்கொள்ள விடாத ஊரில், நிலவரி கட்டினால்தான் ஓட்டு என்றால் அது யாருக்குக் கிடைக்கும்? ஒடுக்கப்பட்டோருக்கு அந்த அளவுகோலைத் தாழ்த்துங்கள், அவர்களுக்கென இடங்கள் ஒதுக்குங்கள் என்று வாதாடினார். 1928-ல் சைமன் குழுவிடம் மேலும் ஒரு படி போனார். வயது வந்த அனைவருக்கும் வாக்கு என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு ஓட்டா என்று சிரித்தவர்களுக்கு, படிப்பில்லாதவன் வேறு, அறிவில்லாதவன் வேறு என்று பதில் கொடுத்தார். நமது பொன்மலைப் பட்டறையில் இரும்பைக் காய்ச்சிப் பார்த்தே அதன் பதம் சொன்ன தொழிலாளிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இடையிலே 1927 மார்ச் 20-ல் மகத் என்னும் ஊரில், ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்று பொதுக் குளத்துத் தண்ணீரை அள்ளிப் பருகினார். அவ்வாண்டு டிசம்பர் 25-ல் மனுநூல் தீயிடப்பட்டது. இவை நம் தோழர்கள் மேடைதோறும் கேட்டவை, விரிக்கவில்லை.

இலண்டனில் 1930-ல் வட்டமேசை மாநாடு கூடியபோது, ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பில் சென்றவர் இருவர். ஒருவர் அம்பேத்கர். மற்றவர் நம்மவர், செங்கற்பட்டுச் சீமையின் கோழியாளத்துக்காரர், இரட்டைமலை சீனிவாசன். 1893-லேயே தன் குலப்பெயரையே தலைப்பாக வைத்துப் பறையன் என்று பத்திரிகை நடத்திய நெஞ்சுரம் கொண்டவர். இருவரும் சேர்ந்து மனுக் கொடுத்தார்கள். 1932 ஆகஸ்டில் வெளியான பிரிட்டிஷ் பிரதமரின் தீர்ப்பு, ஒடுக்கப்பட்டோருக்கு இரண்டு ஓட்டு என்றது. தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தனியாகத் தேர்ந்தெடுக்க ஒன்று, பொதுத் தொகுதியில் மற்றவரோடு சேர்ந்து போட ஒன்று. எரவாடா சிறையில் காந்தியார் உண்ணாநோன்பு தொடங்கினார். நாடு முழுவதும் அம்பேத்கரைச் சுற்றி நின்று கொண்டது. செப்டம்பர் 24-ல் புனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சட்டசபைகளில் ஒதுக்கீட்டு இடங்கள் 148 ஆக உயர்ந்தன. தனி ஓட்டு போயிற்று. பெற்றது பெரிதா, இழந்தது பெரிதா என்பது இன்றும் ஓயாத வழக்கு. இழந்தது பெரிது என்றே அவர் பின்னாளில் எழுதினார். நமக்கும் அப்படித்தான் படுகிறது.

1936-ல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். பெயரைப் பாருங்கள், சாதிப் பெயர் இல்லை. 1937 தேர்தலில் பம்பாய் மாகாணத்தில் நிறுத்திய 17 பேரில் பெரும்பாலோர் வென்றனர். அந்தத் தேர்தலில் ஒரு முறை இருந்தது. பின்னால் வரப்போகும் கதைக்கு அது வேண்டும், ஆகவே சொல்கிறோம். ஒரே தொகுதியில் பல இடங்கள். வாக்காளனுக்கும் அத்தனை ஓட்டுகள். விரும்பினால் அவை அனைத்தையும் ஒரே வேட்பாளருக்குக் கொட்டலாம். சிறுபான்மையோர் தங்கள் ஆளை வெல்ல வைக்க அது நல்ல கருவி. எல்லாவற்றையும் ஒருவருக்கே போடுங்கள் என்ற பாடம் பம்பாயின் சேரிகளிலும் ஆலைக் குடியிருப்புகளிலும் ஒருமுறை நடத்தப்பட்டுவிட்டது.

1938 நவம்பர் 7-ல் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துப் பம்பாயில் நடந்த வேலைநிறுத்தத்தின் முன்னணியில் அவர் நின்றார். 1940 சனவரியில் பம்பாய் சென்ற பெரியார் அவரைச் சந்தித்துப் பேசினார். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் இலாகா அவர் கையில். எட்டு மணி நேர வேலை, வாரம் 48 மணி என்ற சட்டத்துக்கு வழி கோலியது அந்தக் காலத்திலேதான். மாலையில் சங்கு ஊதியதும் சைக்கிளை எடுக்கும் தோழர்கள் அந்தப் பெயரை ஒருமுறை நினைத்துக் கொள்ளலாம்.

அரசியல் நிர்ணய சபைக்கு 1946-ல் அவரைப் பம்பாய் அனுப்பவில்லை. வங்கத்து ஜோகேந்திரநாத் மண்டல் முதலியோர் துணை நிற்க, அங்கிருந்து சென்றார். நாடு பிரிந்து அந்த இடம் போனபின் 1947-ல் பம்பாயிலிருந்து தேர்வானார். ஆகஸ்டு இறுதியில் வரைவுக் குழுவின் தலைமை அவருக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் 325-ஆம் பிரிவு, சமயம், இனம், சாதி, பால் என்ற காரணங்களால் எவரையும் வாக்காளர் பட்டியலில் இருந்து விலக்கக்கூடாது என்றது. 326-ஆம் பிரிவு, வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்றது. அன்று 21 வயது. 1989 முதல் 18. பண்ணையாருக்கும் ஒன்று, பண்ணையாளுக்கும் ஒன்று. மடாதிபதிக்கும் ஒன்று, மலம் அள்ளியவருக்கும் ஒன்று. கோணியில் உட்கார்ந்த சிறுவன் நாட்டின் ஏட்டிலே எழுதிய கணக்கு அது!

எளிதாகக் கிடைத்த உரிமை என்று எவரும் எண்ண வேண்டாம். அவர் படித்த அமெரிக்காவிலேயே, 1870-ல் சட்டத் திருத்தம் செய்து கறுப்பு மக்களுக்கு ஓட்டு என்று எழுதிவிட்டு, தென் மாநிலங்களில் அதைப் பிடுங்கிக் கொண்டார்கள். தலைவரி கட்டிய ரசீது கேட்டார்கள். சட்டப் பிரிவைப் படித்துப் பொருள் சொல் என்று பரீட்சை வைத்தார்கள்; வினாவும் வெள்ளையர், விடை திருத்துபவரும் வெள்ளையர். 1946-ல் மெட்கர் எவர்ஸ் என்ற இளைஞர், உலகப் போரில் அமெரிக்காவுக்காகச் சீருடை அணிந்து திரும்பியவர், மிசிசிப்பியில் தம் ஊர் நீதிமன்றத்துக்கு ஓட்டுப் போடத் தோழர்களோடு போனார். துப்பாக்கியோடு நின்ற வெள்ளையர் திருப்பி அனுப்பினர். பின்னாளில் ஊர் ஊராகச் சென்று கறுப்பு மக்களைப் பட்டியலில் சேர்க்கும் வேலையையே தம் வேலையாக்கிக் கொண்டார். 1963 சூன் 12-ல் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். 1965 மார்ச்சில் செல்மா பாலத்தில் தடியடி. ஆகஸ்டு 6-ல் வாக்குரிமைச் சட்டம். எவர்ஸ் விரட்டப்பட்ட அதே 1946-ல், கறுப்பு மக்களின் பேரறிஞர் டூபாய்ஸுக்கு அம்பேத்கர் கடிதம் எழுதினார். அவர்கள் ஐ. நா. சபைக்கு அனுப்பும் மனுவின் படி வேண்டும், எங்கள் மக்களும் அவ்வாறு செய்ய எண்ணுகிறோம் என்பது அதன் சாரம். ஆறு கடந்தும் கடல் கடந்தும் ஒரே புண்.

இனி, நாம் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறோம்.

இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா கிடப்பில் போனதால், 1951 செப்டம்பரில் அமைச்சர் பதவியைத் துறந்தார் அம்பேத்கர். அடுத்து முதல் பொதுத் தேர்தல். சுமார் 17 கோடி வாக்காளர். நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் எழுத்தறியாதவர். சுகுமார் சென் என்ற தேர்தல் ஆணையர் அதற்கு ஒரு வழி கண்டார். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டியின்மேல் சின்னம். சீட்டில் பெயரும் இல்லை, முத்திரை குத்தும் வேலையும் இல்லை. விரும்பிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். காங்கிரசுக்கு நுகம் பூட்டிய இரட்டைக் காளை. அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் சம்மேளனத்துக்கு யானை. வடக்கே இன்னொரு வேடிக்கை. தன் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு, இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டுமே எழுதச் சொன்ன பெண்களில் சுமார் 28 இலட்சம் பேரைப் பட்டியலில் இருந்து நீக்கவேண்டி வந்தது. பெயர் சொல்லாத குற்றத்துக்காக ஓட்டு இழந்தவர்கள் அவர்கள். வேடிக்கை என்று எழுதிவிட்டோம். வேதனை என்று எழுதியிருக்க வேண்டும்.

அம்பேத்கர் நின்றது பம்பாய் வடக்கு. அது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரு பொது இடம், ஒரு ஒதுக்கீட்டு இடம். வாக்காளருக்கு இரண்டு சீட்டு. ஆனால் 1937-ன் விதி இப்போது இல்லை. இரண்டு சீட்டையும் இரண்டு வேறு பெட்டிகளில் போட வேண்டும். ஒரே பெட்டியில் போட்டால் ஒன்று செல்லும், மற்றொன்று செல்லாது.

எண்ணினார்கள். காங்கிரஸ் வேட்பாளர் நாராயண் கஜ்ரோல்கர் வென்றார். அம்பேத்கர் தோற்றார். வித்தியாசம் சுமார் 15,000 ஓட்டு. செல்லாமல் போன சீட்டுகள் எத்தனை தெரியுமா? 74,333! அரசியல் சட்டத்தை வரைந்த கை, அந்தச் சட்டம் தந்த முதல் தேர்தலிலேயே வீழ்ந்தது. வித்தியாசத்தைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு சீட்டு அந்தப் பெட்டிகளுக்குள் பாழாய்க் கிடந்தது.

பாழானவை அத்தனையும் யானைப் பெட்டிக்கு வந்திருக்கும் என்று நாம் கூறவில்லை. நான்கில் ஒரு பங்கு வந்திருந்தால் போதும் என்கிறோம். எதிரிகள் திட்டமிட்டு, இரண்டாவது ஓட்டைப் பாழாக்குங்கள் என்று பிரசாரம் செய்தனர் என்று அம்பேத்கரும், பொது இடத்தில் தோற்ற அசோக் மேத்தாவும் வழக்குத் தொடுத்தனர். வழக்கிலும் வெற்றி கிட்டவில்லை. சதியோ, அறியாமையோ, பழைய பாடத்தின் பழக்கமோ, மூன்றும் சேர்ந்ததோ! ஒன்று மட்டும் உறுதி. மக்கள் வராமல் போனதால் பாழானவை அல்ல அந்தச் சீட்டுகள். வரிசையில் நின்றார்கள், சீட்டை வாங்கினார்கள், பெட்டியில் போட்டார்கள். போடும் முறை மட்டும் பிசகிற்று. மதகு இடிந்த இரவில் காவிரிக்கு வந்த தண்ணீர்போல, வந்தும் வயலுக்குப் பாயாமல் போயிற்று.

மாநிலங்கள் அவைக்குப் பம்பாய் சட்டசபை அவரை அனுப்பியது. 1954-ல் பண்டாரா இடைத்தேர்தலில் மீண்டும் மக்களிடம் சென்றார். மீண்டும் தோல்வி. நீரிழிவு உடலை அரித்துக் கொண்டிருந்தது. 1956 அக்டோபர் 14-ல் நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6-ல் டில்லியில், உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்படாமலே அவர் போய்ச் சேர்ந்தார். இரட்டை உறுப்பினர் தொகுதி முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1961-ல்.

கதை இங்கே முடிந்திருந்தால் நாம் எழுத வேண்டிய அவசியம் இராது. மதுரை மாவட்டத்து மேலவளவு ஊராட்சியில், ஒதுக்கீட்டுப்படி 1996-ல் தலைவராகத் தேர்வான முருகேசனை, 1997 சூன் 30-ல் பேருந்தில் இருந்து இழுத்து வெட்டினார்கள். அவரோடு மேலும் ஐவர். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் பத்தாண்டுக் காலம் தலைவர் தேர்தலே நடக்கவிடாமல் தடுத்து, 2006-ல்தான் ஒழுங்காக நடந்தது. சாவடிக்குப் போவது சாவுக்குப் போவதாக இருந்த தெருக்கள் மிசிசிப்பியில் மட்டும் இல்லை.

இவ்வளவையும் கேட்ட அந்தத் துவாக்குடித் தோழர் சற்று நேரம் ஆற்றையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, வேலை விடாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. வாக்குப் பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலேயே இருக்கிறது; தினக்கூலிக்கும் அது உண்டு; மறுக்கும் முதலாளிக்கு அபராதம். அவருக்கு இது தெரியாது. அவருடைய பட்டறையில் வேறு எவருக்கும் தெரியாதாம். அவரைக் குறை சொல்லுமுன் நம்மையே குறை சொல்லிக் கொண்டோம். சுவரொட்டி ஒட்டினோம், கொடி கட்டினோம், இதைச் சொன்னோமா?

சேரிக்கும் ஆலை வாசலுக்கும் போய் நம் தோழர்கள் சொல்ல வேண்டியவை இன்னும் பல. அடையாள அட்டை பையில் இருந்தால் போதும் என்று இருப்பவர் ஏராளம். பட்டியலில் பெயர் இல்லையேல் அட்டை இருந்தும் பயன் இல்லை. பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால், ஆதார், படம் ஒட்டிய வங்கிப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை என்று ஏதாவதொன்று போதும். ஆகவே தேர்தல் வருமுன்னரே பட்டியலைப் பார்க்க வேண்டும். புதிதாகச் சேர 6-ஆம் எண் படிவம், வீடு மாறியோர்க்கு 8-ஆம் எண் படிவம். செங்கல் சூளைக்கும் திருப்பூருக்கும் போய் வரும் குடும்பங்களின் பெயர்கள்தாம் முதலில் விடுபடுகின்றன. அந்தத் தெருக்களுக்கே முதலில் போக வேண்டும்.

சாவடிக்குள் முதல் அலுவலர் பெயரைப் பார்த்து உரக்கப் படிப்பார். அடுத்தவர் இடது ஆட்காட்டி விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு ஒரு சீட்டுத் தருவார். மூன்றாமவர் அதை வாங்கிக்கொண்டு இயந்திரத்தைத் திறந்துவிடுவார். மறைவுக்குள் போய், விரும்பிய சின்னத்துக்கு நேரே உள்ள நீல நிறப் பொத்தானை அழுத்த வேண்டும். சிவப்பு விளக்கு எரியும். பக்கத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு காகிதச் சீட்டு 7 விநாடி நின்று, நீங்கள் போட்ட சின்னத்தைக் காட்டிவிட்டு உள்ளே விழும். நீண்ட ஒலி கேட்கும். ஒலி கேட்டபின் வெளியே வருக. நாம் போகுமுன்னரே நம் பெயரில் வேறெவனோ போட்டுவிட்டால், தலையில் கைவைத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள் பலர். திரும்ப வேண்டாம். தலைமை அலுவலரிடம் கேட்டால், நாம் நாமே என்று மெய்ப்பித்தபின் தனிச் சீட்டில் வாக்களிக்க விடவேண்டும்; அது சட்டம். நேரம் முடியும்போது வரிசையில் நிற்பவர் அனைவருக்கும் ஓட்டு உண்டு. இருட்டிவிட்டது என்று எவர் விரட்டினாலும் நகர வேண்டாம்.

அடுத்த ஞாயிறே ஜீயபுரத்துப் பக்கம் ஒரு தெருவுக்குப் போனோம். துவாக்குடித் தோழரும் வந்தார். அவர் கையில் ஓர் அட்டைப்பெட்டி. அதிலே ஆணி அடித்து, சோடா மூடிகளுக்கு நீலச் சாயம் பூசிப் பொத்தான் ஆக்கியிருந்தார். பக்கத்தில் மாம்பழம், குடை, ஏணி என்று யாருக்கும் பாத்தியதை இல்லாதனவாக அவர் எண்ணிய படங்கள். அவற்றுள் ஒன்று உண்மையிலேயே ஒரு கட்சியின் சின்னம் என்று நாம் சொன்னதும், கிழித்துவிட்டுப் பூசணிக்காய் வரைந்தார். களைவெட்டிவிட்டு வந்த மூதாட்டி ஒருவர் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு பூசணிக்காய்க்கு நேரே அழுத்தினார். அழுத்திவிட்டு அப்படியே நின்றார். ஏன் ஆத்தா நிற்கிறாய் என்று தோழர் கேட்டார். சத்தம் கேட்கும் என்று நீதானே சொன்னாய், கேட்கவில்லையே, என் ஓட்டு விழுந்ததா இல்லையா என்று அவர் அதட்டினார். தோழர் வாயைக் குவித்து, தெருக்கோடிவரை கேட்கும்படி ஒரு நீண்ட கூவல் விட்டார். ஆத்தா தலையாட்டிவிட்டு, பின்னால் நின்ற மருமகளுக்கு இடம் விட்டார்.